இரு கண், வகை குறிப்பிடப்படாதது

இன்னும் பதினோரு பேர். சுவரில் மாட்டியிருக்கும் டி.வி.யில் நாற்பத்தேழு என்று சிவப்பாக மின்னுகிறது, எங்கள் டோக்கன் ஐம்பத்தெட்டு, ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றால் அரைமணி நேரம், ஆனால் டாக்டர் நிலோஃபர் யாரையும் மூன்று நிமிஷத்தில் விடுகிறவர் இல்லை, ஆகவே ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கண்ணாஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன், இந்த நீல நாற்காலியில் இவ்வளவு நேரம் உட்கார்வது இதுதான் இரண்டாம் தடவை. முதுகு சாய்கிற இடத்தில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமும் இத்தனை ஆயிரம் பேர் முதுகில் இது குத்தியிருக்கிறது, ஒருத்தரும் சொன்னதில்லை, அல்லது சொல்லியிருப்பார்கள், சொன்னதை எழுதிவைக்க ஒரு இடம் இருந்திருக்காது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் சங்கரநயினார். டவுன் பஸ் டிரைவர், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. இடது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவருடைய இடது மேல் இமையிலிருந்து மிளகு அளவுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு நேற்றுச் சாயங்காலமே வந்துவிட்டது. அது புற்றா இல்லையா என்பது அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மேசைமேல் இருக்கிறது. எனக்கு அது என் மேசையிலும் இருக்கிறது, என் கம்ப்யூட்டரில், என் பாஸ்வேர்டில். காலையில் எட்டு மணிக்கே வந்து அவருடைய பதிவு எண்ணைத் தட்டிவிட்டேன், கடைசியில் ஒரே ஒரு பொத்தான், அதை அமுக்க விரல் வரவில்லை, மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஊரார் கண்ணையெல்லாம் இருபத்திரண்டு வருஷம் அந்தப் பொத்தானை அமுக்கித்தான் பார்த்தேன், அப்போதெல்லாம் இந்த விரல் நன்றாகத்தான் இருந்தது.

"ஏளா, அது என்ன படம்?" என்கிறார். எதிர்ச் சுவரில் இமை அழற்சி பற்றிய படம். ஒரு பெரிய கண், அதைச் சுற்றி அம்புக்குறிகள். "இமை வீக்கம், என்னென்ன வகைன்னு போட்டிருக்கு" என்கிறேன். "முன் விளிம்பு, பின் விளிம்புங்கானே, இமையே இம்புட்டூண்டு இருக்கு, அதுல முன்னால என்ன, பின்னால என்ன?" "முடி முளைக்குத ஓரம் முன்னால. கண்ணத் தொட்டுக்கிட்டு இருக்குத ஓரம் பின்னால." "அதுக்குள்ளயும் பாகப்பிரிவினை பண்ணிட்டாவளா?" என்று சிரிக்கிறார். சிரிக்கும்போது பிளாஸ்திரி இழுக்கிறது, கையைக் கொண்டுபோய் அமுக்கிக்கொள்கிறார். இவர் இப்படித்தான், கழுத்தில் கத்தி இருந்தாலும் கத்திக்கு ஒரு கேலி வைத்திருப்பார். நான் அந்தப் படத்தைப் பார்க்கிறேன். முன் விளிம்பில் இரண்டு சொல்லியிருக்கிறது. ஒன்று கிருமியால் வருவது, இமைமுடியின் அடியில் பொருக்குத் தட்டும், பொருக்கை எடுத்தால் சின்னதாக ரத்தம் கசியும். இன்னொன்று பொடுகால் வருவது, தலையில் இருக்கிற அதே பொடுகு புருவத்துக்கும் இறங்கி இமைக்கும் இறங்கி முடியில் எண்ணெய்ச் செதிலாக ஒட்டியிருக்கும். பின் விளிம்பில் எண்ணெய்ச் சுரப்பிகள், இமைக்குள் வரிசையாக நிற்கிற மெல்லிய குழாய்கள், அவற்றின் வாய் அடைத்துக்கொண்டால் எண்ணெய் பற்பசை மாதிரி கெட்டியாகிவிடும், கண் வறண்டு எரியும். இரண்டும் சேர்ந்து வந்தால் கலப்பு. இமைமுடியின் வேரில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி குடியிருந்தால் முடிக்கு ஒரு சட்டைக்காலர் போட்ட மாதிரி வெள்ளை வளையம் இருக்கும். கடைக்கண் ஓரம் மட்டும் சிவந்து வெடிக்கிறது ஒன்று. எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு, குறியீடு போடுவதுதான் என் வேலை, டாக்டர் கிறுக்கித் தருகிற தாளைப் படித்து அது எந்த வகை, எந்தக் கண் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது. பன்னிரண்டு நாளாக இவரை ஒவ்வொரு வகைக்குள்ளும் உட்காரவைத்துப் பார்க்கிறேன். பொருக்கு இருந்தது, ஆமாம், அப்படியானால் கிருமிதான். பொடுகும் உண்டு, தொப்பி போடுகிற தலை. சுரப்பி அடைப்பு, ஏன் இருக்கக் கூடாது, பஸ் இஞ்சின் சூட்டில் முப்பது வருஷம். எதில் வைத்தாலும் பொருந்தி வருகிறது, மனசு ஒரு மூச்சு விடுகிறது, அடுத்த நொடி அங்கேயே வந்து இடறுகிறது. இதெல்லாம் இரண்டு கண்ணிலும் வருகிறவை. இவருக்கு ஒரு கண்.

ஒரு கண் மட்டும். இரண்டு வருஷமாக இடது கண் மட்டும். இதை நான் பார்க்காமலா இருந்தேன்? காலையில் எழுந்ததும் அந்த ஒரு கண்தான் பீளை கட்டி ஒட்டிக்கொள்ளும், நான்தான் வெந்நீரில் துணி நனைத்துக் கொடுப்பேன், அவர் அந்த ஒரு கண்ணில்தான் வைத்துக்கொள்வார், இன்னொரு கண்ணால் பேப்பர் படிப்பார். மேல் இமையில் ஒரு இடத்தில் முடி கொட்டியது. "வயசாகுதுல்லா, தலையில கொட்டுனது போதாதுன்னு இங்கயும் கொட்டுது" என்று நான்தான் கேலி பண்ணினேன். அதே இடத்தில் கட்டி வந்தது, போனது, மறுபடி அதே இடத்தில் வந்தது. வயசு ஐம்பதைத் தாண்டியவருக்கு, ஒரே கண்ணில், ஒரே இடத்தில், முடியும் கொட்டி, மருந்துக்கும் அடங்காமல் இருந்தால் அது இமை வீக்கத்தின் வேஷம் போட்ட வேறொன்றாக இருக்கலாம் என்று கண் டாக்டர் வகுப்புகளில் முதல் வருஷத்திலேயே சொல்வார்கள். நான் டாக்டர் இல்லைதான். ஆனால் அந்த வகுப்பு நோட்டுகளுக்கு நகல் எடுத்துக் கொடுக்கிறவள் நான். இதைச் சொல்லி யாரிடம் அழ.

நாற்பத்தெட்டு. வாசலில் மாறாந்தை பக்கத்து ஆட்கள் போல ஒரு குடும்பம், விடியுமுன்னே பஸ் ஏறி வந்திருப்பார்கள், தூக்குச்சட்டியில் புளிசோற்று வாசனை. இப்படிப்பட்டவர்களைப் பார்த்து எனக்கு எப்போதும் ஒரு இரக்கம் உண்டு, இரக்கத்துக்குள்ளே கொஞ்சம் பெருமையும் உண்டு, என் வீட்டு ஆட்கள் இப்படிக் காத்துக் கிடக்கவேண்டியதில்லை என்று. ஊழியர் குடும்பத்துக்கு இங்கே ஒரு பச்சை ஸ்டிக்கர் இருந்தது. அதை ஒட்டிக்கொண்டு பின்பக்க வழியாக வந்தால் போதும், டோக்கன் கிடையாது, காத்திருப்பு கிடையாது, டாக்டர் ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்குப் போகும்போது நடையிலேயே பிடித்துக்கொள்ளலாம். மூன்று தடவை அப்படித்தான் காட்டினேன். முதல் தடவை ஒரு டாக்டர், கையில் டார்ச்சு, "சார் மேல பாருங்க, கீழ பாருங்க, ஒண்ணுமில்ல, இமை அழற்சி, வெந்நீர் ஒத்தடம், இந்தக் களிம்பு." அரை நிமிஷம். இவருக்கு வாயெல்லாம் பல். டெப்போவில் போய், "என் வீட்டுக்காரி நடந்து வந்தா டாக்டரே நிப்பாரு" என்று பீற்றியிருக்கிறார். அதே நேரத்தில் முன்வாசலில் காத்திருந்த ஒவ்வொருத்தரையும் தாடை வைக்கிற மெஷினில் உட்காரவைத்து, பெரிய வெளிச்சம் போட்டு, இமையைப் புரட்டி, இரண்டு கண்ணையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, பதினைந்து நிமிஷம் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற யாரோ ஒரு வேலாயுதத்துக்கும் மாடத்திக்கும் கிடைத்தது என் புருஷனுக்குக் கிடைக்கவில்லை, நான் அவரை வரிசையில் நிற்கவிடவில்லை என்பதால். என் செல்வாக்கில் அவர் இமையை யாருமே புரட்டிப் பார்க்கவில்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சீட்டில் டாக்டர் 'இமை அழற்சி' என்பதன் முதல் நாலெழுத்தை இங்கிலீஷில் கிறுக்கியிருந்தார், அவ்வளவுதான், எந்த வகை, எந்தக் கண், ஒன்றும் இல்லை. மருந்து வாங்கவேண்டுமென்றால் பதிவு ஏற்ற வேண்டும். நானே கீழே போய் ஏற்றினேன். எங்கள் ரூமில் இதற்கு மூணுதட்டு என்று பெயர். இமை அழற்சி என்று போட்டதும் கம்ப்யூட்டர் மூன்று கேள்வி கேட்கும், எந்த வகை, எந்த இமை, எந்தக் கண், ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு பதில் தயாராக நிற்கும், நாம் ஒன்றும் தேர்ந்தெடுக்காமல் டக் டக் டக் என்று மூன்று தட்டு தட்டினால் 'வகை குறிப்பிடப்படாதது, எல்லா இமைகளும், இரு கண்' என்று விழுந்துவிடும். மேலே போன் போட்டு, டாக்டர் எந்தக் கண் என்று கேட்கலாம்தான். கேட்டால் ஒரு சலிப்பு வரும் பாருங்கள் அந்தப் பக்கத்திலிருந்து. ஒரு நாளைக்கு நானூறு சீட்டு. இமை அழற்சி பெரும்பாலும் இரண்டு கண்ணிலும்தானே வருகிறது, யாருக்கு என்ன நஷ்டம், மூணுதட்டு. புதிதாக வேலைக்கு வந்த தெய்வக்கனிக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான். நாலு மாசம் கழித்து இரண்டாம் தடவை வந்தபோது வேறொரு டாக்டர், அவர் நடையில் நின்றபடியே டேப்லெட்டில் பழைய பதிவைப் பார்த்தார். "ஓ, ரெண்டு கண்லயும் இருந்ததா, அப்ப எண்ணெய்ச் சுரப்பிதான், கவலைப்படாதீங்க" என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நடந்துகொண்டே சொன்னார், நானும் அவர் வேகத்துக்கு நடந்துகொண்டே தலையாட்டினேன், அவர் சொல்கிற அந்த இரண்டு கண்ணும் நான் போட்ட இரண்டு கண் என்று அப்போது உறைக்கவில்லை. கீழே வந்து மறுபடி மூணுதட்டு. மூன்றாம் தடவையும்.

"காப்பி வேணுமா உனக்கு?" என்கிறார். வேண்டாம் என்கிறேன். "ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்த. என் கண்ணுக்கு நீ எதுக்கு முழிக்க?" இந்தக் கேலிக்கு நான் சிரித்திருக்க வேண்டும். இவருடைய கை என் கைக்குப் பக்கத்தில் நாற்காலிப் பிடியில் இருக்கிறது, ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. கண்ணையே எடுத்துவிடுவார்களோ. சில பேருக்கு எடுத்திருக்கிறார்கள். இமையோடு, கண்ணோடு, சுற்றிலும் இருக்கிற சதையோடு எடுத்துவிட்டுத் தொடைத்தோலை வைத்து மூடிவிடுவார்கள், அதற்கும் குறியீடு உண்டு, நான் போட்டிருக்கிறேன், வலதா இடதா என்று அதற்கு மட்டும் ஒழுங்காகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். ஒரு கண்ணோடு பஸ் ஓட்டவிட மாட்டார்கள். டெப்போவில் டிக்கெட் கட்டு எண்ணுகிற வேலையோ, ஆயில் ஸ்டோரில் உட்காருகிற வேலையோ கொடுப்பார்கள். இவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இலைக்கு முன்னால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். பஸ் கிடக்கட்டும். பஸ்ஸைப் பற்றி நினைப்பது அதைப் பற்றி நினைக்காமல் இருக்கத்தான். இது கண்ணோடு நிற்காமல் காதுக்கு முன்னால் இருக்கிற நிணநீர் முடிச்சுக்குப் போய், கழுத்துக்கு இறங்கி. வேண்டாம். உலகம்மா, வாயை மூடு, மனசையும் மூடு. நாற்பத்தொன்பதை எப்போது கூப்பிட்டார்கள்? ஐம்பத்திரண்டு என்கிறது.

இவ்வளவுக்கும் பச்சை ஸ்டிக்கரை நிறுத்தியபோது நான் ஆடிய ஆட்டம். புதிதாக வந்த நிர்வாக அதிகாரி, ஊழியர் குடும்பமும் டோக்கன்படிதான் வரவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். ரூமில் நின்று நான் கத்தினேன், நாம் இங்கே மாடாய் உழைக்கிறோம், நம் வீட்டு ஆளைக் கொஞ்சம் முன்னால் காட்டக் கூடாதா என்று, மனு எழுதினேன், முப்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன், முதல் கையெழுத்து என்னுடையது. மனுவுக்குப் பதில் வருவதற்குள் இவருக்குக் கண் மறுபடி வீங்கிவிட்டது, வேறு வழியில்லாமல் வரிசையில் உட்கார்ந்தோம், நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் நிலோஃபர் இவரைத் தாடை வைக்கச் சொன்னார். மேல் இமையைப் புரட்டினார். புரட்டியபடியே ரொம்ப நேரம் இருந்தார். அந்த மௌனத்தின் நீளம் எனக்குத் தெரியும், அப்படி மௌனமாக இருந்து பார்த்த கண்களின் சீட்டுகள் மறுநாள் என் மேசைக்கு என்ன சொல்லிக்கொண்டு வரும் என்பதும் தெரியும். கடைசியாக வலது இமையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சின்னதா ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துடலாம் சார்" என்றார். வேண்டவே வேண்டாம் என்று நான் மனு போட்ட சுற்றறிக்கைதான் அன்றைக்கு எங்களை அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அவருடைய பதிவைத் திறந்தேன். மூன்று வரி. இரு கண், இரு கண், இரு கண். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஏற்றியவர் பெயர் இருக்கும், மூன்றிலும் உலகம்மாள், என் பெயர். திருத்த எனக்கு அதிகாரம் உண்டு. இரு கண் என்பதை இடது கண் என்று மாற்ற எத்தனை நேரம் ஆகும், கண் இமைக்கிற நேரம். மாற்றினால் மாற்றியதும் பதிவாகும், தேதியோடு, பெயரோடு, ஆனால் அதைப் போய் யார் பார்க்கப் போகிறார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும். மாற்றவில்லை. நேர்மையால் ஒன்றுமில்லை, பயம்தான். அவரிடம் சொல்லவும் இல்லை. பன்னிரண்டு நாளும் சொல்ல வாயெடுத்தேன், குழம்பு ஊற்றும்போது, சொட்டுமருந்து விடும்போது, இமையை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவந்த கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் என் முகத்தை வைத்துக்கொண்டு. "என்னளா, என்னமோ சொல்ல வந்த?" என்பார். "ஆடாம இருங்க, மருந்து வெளிய ஒழுகுது" என்பேன். முடிவு நல்லதாக வந்தால் சொல்லவே வேண்டாம் என்று ஒரு மூலையில் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த மனசைக் கண்டால் எனக்கே பிடிக்கவில்லை.

ஐம்பத்தெட்டு. கதவு திறக்கிறது, அவர் எழுகிறார், ஒரு கண்ணால் நடக்கும்போது தூரம் சரியாகத் தெரியாமல் கதவு நிலையில் தோள் இடிக்கிறது. டாக்டர் நிலோஃபர் முப்பது வயசுக்காரர், என்னை அக்கா என்பார். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுக்காமலே பேசுகிறார், எடுக்காமல் பேசினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "சார், முடிவு வந்துடுச்சு. இது சாதாரண இமை அழற்சி இல்ல. இமைக்குள்ள இருக்கற எண்ணெய்ச் சுரப்பியில வர்ற புற்று. வெளியில பார்க்க அழற்சி மாதிரியே இருக்கும்." இவர் தலையை மெல்ல ஆட்டுகிறார், ஸ்டாப்பிங்கில் யாரோ இறங்க வேண்டும் என்று சொன்னால் ஆட்டுகிற மாதிரி. என் காதுக்குள் கூவென்று ஒரு சத்தம், அதற்கு நடுவே டாக்டர் குரல் வந்துவந்து போகிறது, துணுக்கு எடுத்த அன்றைக்கே எடுத்த ஸ்கேனில் பின்னால் பரவவில்லை, கழுத்தில் கழலை இல்லை, கண்ணைக் காப்பாற்றலாம், மேல் இமையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டுக் கீழ் இமையிலிருந்து தசை எடுத்து வைத்துத் தைப்போம், ஒன்றரை மாசம் போல அந்தக் கண் தைத்தபடியே மூடியிருக்கும், அப்புறம் பிரித்துவிடலாம். காப்பாற்றலாம் என்ற சொல்லை நான் பிடித்துக்கொள்கிறேன். பிடித்துக்கொண்டு இறங்கலாம் என்று பார்த்தால் டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புகிறார். "ஒரே ஒரு விஷயம். உங்க வலது கண்லயும் இதுக்கு முன்ன பிரச்சினை இருந்திருக்கு. பதிவுல மூணு தடவை இரு கண்ணுன்னு இருக்கு. இப்ப பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த வியாதில அப்படி விட்டுட முடியாது. வலது இமையிலயும் அஞ்சாறு இடத்துல துணுக்கு எடுத்து அனுப்பணும். அது வந்தப்புறம்தான் ஆப்பரேஷன். ரெண்டு வாரம் தள்ளிப்போகும்."

"வலது கண்ணுலயா?" என்கிறார் அவர். "இல்லயே டாக்டரம்மா, வலது கண்ணுல எனக்கு ஒண்ணுமே வந்ததில்லயே." "மறந்திருப்பீங்க சார். நிறையப் பேர் அப்படித்தான், கம்மியா இருந்த கண்ணை மறந்துடுவாங்க." அவர் யோசிக்கிறார். தன் வலது கண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறார், அது நேற்றுவரை என்ன செய்துகொண்டிருந்தது என்று அதனிடமே விசாரிக்கிற மாதிரி. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, டாக்டரிடம், "அப்ப இருந்திருக்கும். இவதானே எழுதுனது. இருபத்திரெண்டு வருசமா எழுதுதா, தப்பா எழுத மாட்டா. எனக்குத்தான் நெனப்பு இருக்காது. எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க" என்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கண், ஒரு நாய் குறுக்கே வந்தால் நூறு அடிக்கு முன்னாலேயே பார்த்துவிடுகிற கண், அந்தக் கண்ணை நம்பாமல் என் மூணுதட்டை நம்புகிறார். நல்ல கண்ணைக் கத்திக்குக் கொடுக்கிறேன் என்கிறார், நான் எழுதியிருக்கிறேன் என்பதற்காக. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது, அவர்மேல், என்மேல், எல்லாவற்றுக்கும் முதலில் தயாராக நிற்கிற அந்தப் பதிலின்மேல். "டாக்டர், அது தப்பு" என்றேன். "இடது கண்ணு மட்டுந்தான். தொடக்கத்துலயிருந்தே. அந்த மூணையும் நாந்தான் ஏத்துனேன். சீட்டுல எந்தக் கண்ணுன்னு இல்ல. நான் யாருகிட்டயும் கேக்கல. தட்டிவிட்டுட்டேன்." என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

டாக்டர் நிலோஃபர் கம்ப்யூட்டரிலிருந்து என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். "நிச்சயமா தெரியுமா அக்கா?" "ரெண்டு வருசமா நாந்தான் ஒத்தடம் குடுக்கேன் டாக்டர்." அவர் இன்னொரு தடவை எழுந்து வந்து வலது இமையைப் புரட்டி, மெஷினில் வைத்து, மேலே கீழே மூலைக்கு மூலை பார்த்தார். இந்தத் தடவை மௌனம் நீளமில்லை. "சரி. வலது கண்ணைத் தொட வேண்டாம். வெள்ளிக்கிழமையே ஆப்பரேஷன் வச்சிக்கலாம்" என்றார். பிறகு, "ஆனா இதை நான் மேல எழுதித் தரணும்க்கா. தெரியும்ல?" என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதுவதில் எனக்கென்ன புதுசு.

வெளியே வந்து நடையின் கோடியில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தோம். ரத்தம் எடுக்க அவரைக் கூப்பிட வேண்டும், அதுவரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது கொஞ்சம்தான், அவர் அம்மா இறந்தபோது ஒன்று, பையன் பரீட்சையில் கோட்டைவிட்டு வீட்டைவிட்டு ஓடிப்போன அன்றைக்கு ஒன்று. கீழே சைக்கிள் நிறுத்தத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். திட்டிவிட்டால் தேவலை. ஒரு வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் இமையில் ஒரு ஓரம் போயிருக்கும், இப்போது பாதி இமை போகிறது, அதற்கு நான் காரணம் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் நானும் ஆமாம் என்று சொல்லி அழுதுவிடுவேன், அதோடு ஏதாவது ஒரு கரை தெரியும். "நான் சொல்லிருக்கணும்" என்றேன். "பன்னெண்டு நாளாத் தெரியும். சொல்லப் பயந்துட்டேன். என்னயத் திட்டுங்க." "தெரியாமச் செஞ்சதுக்கு என்னத்தத் திட்ட" என்றார். அப்புறம், ஜன்னலைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே, "ஏளா, எனக்கு மட்டுந்தான் அப்படித் தட்டிவிட்டியா?" என்று கேட்டார்.

என் புருஷன், அவர் கண், என் தப்பு, என் பயம் என்று பன்னிரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வந்தவளுக்கு இந்த ஒரு கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மேல் படித்தவள் நான், பதிவுக்காரி நான், பஸ் டிரைவருக்கு இரண்டு நிமிஷத்தில் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. அவர் என் கையைத் தட்டினார். "போ, மத்தவங்களப் போயிப் பாரு. நான் எங்க ஓடிருவேன்? இங்கனயேதான் இருப்பேன். ரத்தம் எடுக்க வந்தா நானே குடுத்துக்கிடுதேன், அதுக்கு உன் கையெழுத்து வேண்டாம்." அந்த நேரத்திலும் ஒரு கேலி. எழுந்தேன். படியிறங்கிக் கீழே போனேன். எங்கள் ரூமில் தெய்வக்கனி முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள், "என்னக்கா ஆச்சு, அண்ணாச்சிக்கு என்னாச்சு?" என்றாள். அப்புறம் சொல்லுதேன் என்றேன். கம்ப்யூட்டரில் கேட்டேன், இமை அழற்சி, வகை குறிப்பிடப்படாதது, இரு கண், ஐம்பது வயசுக்கு மேல், மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தவர்கள், ஏற்றியவர் உலகம்மாள். இந்தத் தடவை விரல் தயங்கவில்லை. கடந்த ஐந்து வருஷத்துக்கு மட்டும் நூற்று எழுபத்தாறு பெயர். பெயர், ஊர், போன் எண்.

போனை எடுத்தேன். முதல் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதில் ஒரு அம்மா, ரெண்டு கண்ணும்தான் எரிந்தது, இப்போது தேவலை, ஆஸ்பத்திரியிலிருந்து இவ்வளவு அக்கறையா விசாரிக்கிறீர்களே என்று வாழ்த்தினாள். மூன்றாவதும் இரு கண். நாலாவது எண் மாறிவிட்டிருந்தது. ஐந்தாவது, சுரண்டைப் பக்கத்து ஆள், பெயர் மூக்காண்டி, வயசு அறுபத்துமூன்று. பின்னால் ஆடு கத்துகிறது, அவரும் கத்தித்தான் பேசினார். "கண்ணாஸ்பத்திரியில இருந்து பேசுதேன் அண்ணாச்சி. நீங்க இமை வீக்கம்னு நாலு தடவ வந்திருக்கிய. எந்தக் கண்ணுல வந்துது?" என்றேன். "வலது கண்ணுதாம்மா. ஒண்ணுலதான். இப்பமும் இருக்கு, அதே எடத்துல கட்டி கட்டியா வருது" என்றவர், ஒரு நொடி நிறுத்தினார். "ஏம்மா, என்ன விசயம்?"

நான் சொல்ல ஆரம்பித்தேன்.